ஏழாம் எண் டப்பா

மட்டாஞ்சேரி, கொச்சி – 2
11 பிப்ரவரி 2024

செல்லதுரைக்கு,

இருபத்தாறு வருஷம் பேசாமல் இருந்தாயிற்று. இனி முடியாது. முதல் தாளில் ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அதைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது தாள்.

மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். பாதி படித்துவிட்டு மூடிவிடுவாய். கையால் எழுதியதை அப்படி மூட முடியாது. அதிலும் இந்தக் கையெழுத்து உனக்கு நன்றாகத் தெரியும். எம்.எஸ்ஸியில் நீ தூங்கிப்போன வகுப்புகளுக்கெல்லாம் என் நோட்டைத்தான் வாங்கிக் காப்பி எடுத்தாய்.

நான் இப்போது ஒரு பாரலல் காலேஜில் வேதியியல் எடுக்கிறேன். தோற்றவர்கள் மறுபடி எழுதுவதற்காக வந்து படிக்கும் இடம். எனக்குப் பொருத்தமான இடம்தான். போன வாரம் அங்கே தாவரவியல் எடுக்கும் பாக்கியலக்ஷ்மி டீச்சர் ஒரு அச்சுத்தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “மாஷே, நீங்க பண்டு காலத்துல பண்ணின மீன் காரியமல்லே இது?” என்றார். உன் கட்டுரை. ஏழு பேர் பெயர். கடைசியில், பெரியவர்கள் உட்காரும் இடத்தில், உன் பெயர்.

முழுவதும் படித்தேன். மீனின் வெள்ளி மினுக்கத்துக்குக் காரணமான படிகங்கள் சுத்தமான குவானின் அல்ல. நூறு பங்கு குவானினுக்குப் பத்து, பதினொரு பங்கு ஹைப்போசாந்தின் என்ற இன்னொரு பொருளும் அதே படிகத்துக்குள் சேர்ந்து கிடக்கிறது. மீன் கெட்டுப்போனதால் வந்த கலப்படம் அல்ல, உயிரோடு இருக்கும் மீனே அப்படித்தான் படிகம் செய்கிறது. சரிதானே?

1998 ஆகஸ்டில் இதையே நான் சொன்னேன். நம் துறையின் கருத்தரங்க அறையில், கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னேன். ஃபோர்ட் கொச்சியில் விடியும்போது சீனவலை மேலே வரும்வரை காத்திருந்து, துடிக்கிற திருதா மீனை வாங்கி, அங்கேயே செதிலைச் சுரண்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த செதில்கள். நான்கு தடவை நீயும் வந்தாய். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நீ சாயா குடித்தாய்.

துறைத்தலைவர் விஸ்வநாத் சார் என்ன கேட்டார் என்று உனக்கு நினைவிருக்கும். “ஹைப்போசாந்தின் செத்த மீனில் வருவதப்பா. மீன் பழசா புதுசா என்று பார்க்கிற பரிசோதனையே அதை வைத்துத்தான். உன் மீன் எத்தனை நாள் பழசு?” செதில் இருந்த ஏழு டப்பாவும் உயிர்மீன் என்றேன். அவர் உன் பக்கம் திரும்பினார். “நீ கூடப் போனாயே, அப்படித்தானா?”

நீ எழுந்து நின்றாய். “ஆறு டப்பா உயிர்மீன் சார். ஏழாவது இவன் அப்பா கொண்டுவந்து கொடுத்தது. மீன் மார்க்கெட் பெருக்குகிறவர்.”

பின்வரிசையில் யாரோ, “அப்ப இது ரிசர்ச் இல்ல, குப்பை அள்ளுறது” என்றான். சிரித்தார்கள். ஆறு டப்பாவைப் பற்றி நீ சொன்னது யார் காதிலும் விழவில்லை. பொய் எழுதிய நோட்டில் எது மெய் என்று நான் எப்படி நம்புவது என்று விஸ்வநாத் சார் கேட்டார். என் ஆய்வு அத்துடன் முடிந்தது.

நான் கேட்பது ஒரு வரி. இதை முதலில் 1998-இல் கொச்சியில் கண்டவன் கு. மாரிச்செல்வம் என்று உன் கட்டுரையில் ஒரு வரி.

எனக்கு இப்போது கீல்வாதம். கால் பெருவிரல் மூட்டில் யூரிக் அமிலத்தின் உப்பு ஊசி ஊசியாகப் படிகமாகிக் கிடக்கிறதாம். மத்தி தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் உடம்பே செய்யும் படிகம். இதிலாவது யாரும் பங்கு கேட்கவில்லை.

கு. மாரிச்செல்வம்


கீல், ஜெர்மனி
6 மார்ச் 2024

அன்புள்ள மாரிக்கு,

நான் அந்தச் சொல்லைக் கிழிக்கவில்லை.

உன் கடிதத்தைத் தபால்பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். பொன்மணி மாடியிலிருந்து, “யாருங்க எழுதியிருக்கா, முகம் இப்படிப் போகுது?” என்றாள். உன் பெயரைச் சொன்னேன். கல்யாணத்துக்குக்கூட வராதவர்தானே என்றாள். உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். நலமாக இருக்கிறோம். எனக்குப் போன வருஷம் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். கொலஸ்ட்ரால் படிகம். பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார்கள், ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்து பார்த்தேன். பிழைப்பு அப்படி.

ஏல மாரி, நான் பொய் சொல்லவில்லை. கேட்டார், சொன்னேன். ஆனால் சொன்ன விதம் தப்பு. அதை இத்தனை வருஷமாக மனதில் வைத்திருக்கிறேன், உனக்கு எழுதத்தான் முடியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அந்த ஜூலையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஆய்வுக்கூட வாசலில் வந்து ஒரு தகர டப்பாவை நீட்டினார். யாரென்று கேட்டேன். “கார்ப்பரேஷன் ஆள். சொன்னால் கொண்டுவந்து தருவான்” என்றாய். அவரை வைத்துக்கொண்டே சொன்னாய். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நான் வெளிக் கேட் பக்கம் போனபோது அவர் வாட்ச்மேனிடம், “எம் மவன் இங்க டாக்டருக்குப் படிக்கான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் மகன் என்று வாட்ச்மேன் கேட்டதற்கு உன் பெயரைச் சொன்னார்.

அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. என் அப்பா தூத்துக்குடியில் உப்பளத்தில் நின்றவர். நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அந்தச் சபையில் காட்டியிருக்கக்கூடாது.

இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம். உன் பழைய ஆய்வு நோட்டு இருக்கிறதா? தேதி, டப்பா எண், அளவுகள் எல்லாம் இருந்தால் அந்தப் பக்கங்களின் நகலை எனக்கு அனுப்பு. பத்திரிகையில் ஒரு குறிப்புச் சேர்க்க எங்கள் நிறுவனத்தைக் கேட்டுப் பார்க்கிறேன். வெறும் வாய்ப்பேச்சை வைத்து எதுவும் செய்ய மாட்டார்கள்.

மத்தியை விடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பழைய
செல்லதுரை


மட்டாஞ்சேரி
2 ஏப்ரல் 2024

செல்லதுரைக்கு,

கேட்ட பக்கங்களின் நகல் இத்துடன் இருக்கிறது. பதினான்கு தாள்.

நீ வாட்ச்மேனைப் பற்றி எழுதியதை நான் அறிந்ததில்லை. அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து ஒன்பது நாள் அலமாரியில் வைத்திருந்தேன். மறைத்ததைச் சொல்லவேண்டியது இப்போது என் முறை.

ஆம், அவர் முன்னாலேயே சொன்னேன். அந்த வாரம் கடல் மோசமாக இருந்தது. பத்து நாளாக வலையைத் தூக்கி வைத்துவிட்டார்கள். கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருந்தது. சாப்பிடும்போது அம்மாவிடம் செதில் கிடைக்கவில்லை என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற கல்லின் அடியிலிருந்து அள்ளிக்கொண்டு நேராக ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். மகனை எங்கே போய்ப் பார்ப்பது என்று நான்கு பேரிடம் விசாரித்து வந்தாராம். நான் துறையில் எல்லோரிடமும் அப்பா கார்ப்பரேஷனில் கிளார்க் என்று சொல்லி வைத்திருந்தேன். ‘ஆள்’ என்ற சொல் தானாக வந்தது.

வீட்டில் அவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை. “அந்த டப்பா உபயோகப்பட்டுதா?” என்று மட்டும் கேட்டார்.

கருத்தரங்கம் முடிந்து வீட்டுக்கு வந்து அவரைத் திட்டினேன். நீ கொண்டுவந்தது அழுக்கு, அதனால் எல்லாம் போயிற்று என்றேன். ஆய்வே நின்றுவிட்டது என்பதைச் சொல்லவில்லை. தினமும் காலையில் பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அவர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்தார். உள்ளே செதில். “டேய் மாரி, இது வெட்டுக்காரன்கிட்ட சொல்லித் தனியா எடுத்து வெச்சது. மண்ணு ஒட்டல. சோப்புப் போட்டு மூணு தடவ அலசியிருக்கு, பாரு.” நான் வாங்கி வைத்தேன். மறுவாரம் இன்னொன்று. “இன்னைக்கு மத்தி. கண்ணாடி மாதிரி இருக்கு.” கிறிஸ்துமஸ் வரை கொண்டுவந்தார். பதினொரு பாட்டில். ஒவ்வொன்றையும் வாங்கிப் பையில் வைத்து, கல்வத்திப் பாலத்துக்கு வந்ததும் கால்வாயில் கொட்டினேன். 2003-இல் அவர் இறந்தபோதும் நான் சொல்லவில்லை. மகன் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டான், இன்னும் காகிதம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போனார்.

இப்போது நோட்டு.

நகல் எடுப்பதற்காக அதைத் திறந்தேன். 1998-க்குப் பிறகு முதல் தடவை. ஐந்தாம் தாளைப் பார். நூறு பங்கு குவானினுக்கு எத்தனை ஹைப்போசாந்தின் என்ற பத்தி. ஒன்றிலிருந்து ஆறு வரை, உயிர்மீன்: 11.2, 10.7, 11.4, 10.9, 11.1, 10.8. ஏழாம் எண் டப்பா, அப்பா கொண்டுவந்தது, செத்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும்: 11.0.

என் காலேஜ் பையன்களுக்குச் சொல்வதுபோல் உனக்குச் சொல்லவேண்டாம். இருந்தாலும் எனக்காக எழுதிப் பார்க்கிறேன். அழுகியதால் வந்த ஹைப்போசாந்தின் என்றால் இரண்டு நாள் கிடந்த மீனில் அது கூடியிருக்க வேண்டும். வெளியே ஒட்டியிருந்ததென்றால் ஆய்வுக்கூடத்தில் பத்துமுறை கழுவியபோது போயிருக்க வேண்டும். கூடவும் இல்லை, போகவும் இல்லை. அப்படியென்றால் அது படிகத்துக்குள்ளேயே இருந்தது. விஸ்வநாத் சார் கேட்ட கேள்விக்கு ஏழாம் எண் டப்பாதான் பதில். மற்ற ஆறும் சேர்ந்து சொல்ல முடியாததை அந்த ஒன்று சொல்கிறது.

அதற்கு நான் ஒன்றே ஒன்று செய்திருக்க வேண்டும். டப்பாவின் மேல் ‘மீன் மார்க்கெட், அப்பா கொடுத்தது’ என்று எழுதியிருக்க வேண்டும். நான் ‘சீனவலை, உயிர்மீன்’ என்று எழுதினேன். சிரிப்பு எழுந்தபோது என் முதுகுக்குப் பின்னால் கரும்பலகையில் அந்த எண் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை எழுதிவிட்டு உன் கட்டுரையை மறுபடி எடுத்தேன். இரண்டாம் படம். உயிரோடு பிடித்த மீன், நாற்பத்தெட்டு மணிநேரம் செத்துக் கிடந்த மீன், இரண்டின் படிகங்களும் பக்கத்தில் பக்கத்தில். அளவு மாறவில்லை. உன் கட்டுரை முழுவதும் அந்தப் படத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரு கேள்வி. அந்த எண்ணை நீ எப்போது பார்த்தாய்?

மாரிச்செல்வம்


கீல்
9 மே 2024

அன்புள்ள மாரிக்கு,

நீ கேட்டுவிட்டாய். நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கே பார்த்தேன். சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் பலகையைப் பார்த்தேன். ஏழாவதும் பதினொன்று. என்ன அர்த்தம் என்று புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி எழுந்திருக்கலாம். “சார், அந்த டப்பா பழைய மீனாக இருப்பதுதான் நல்லது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறையே மாறியிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதம் விஸ்வநாத் சார் எனக்கு வெளிநாட்டுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதித் தரவேண்டியிருந்தது. அந்த அறையில் அவரைத் திருத்த எனக்குத் தைரியமில்லை.

பிறகு இங்கே வந்து வேறு வேலைகள் பார்த்தேன். அந்த எண் மட்டும் போகவில்லை. சொந்த ஆய்வுக்கூடம் கிடைத்ததும் செய்தேன். உன் பெயரைச் சொன்னால் அந்த நாளையும் சொல்லவேண்டி வரும் என்று சொல்லாமல் விட்டேன். இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிறேன், நீ தரவேண்டும் என்று இல்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. உன் நோட்டுப் பக்கங்களைப் பார்த்துவிட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பத்திரிகையில் திருத்தக் குறிப்பு வரும். 1998-இல் கொச்சியில் இதை முதலில் அளந்தவர் கு. மாரிச்செல்வம் என்று இருக்கும். நீ கேட்ட ஒரு வரி. அதற்கு உன் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேண்டும், ஏனென்றால் நோட்டில் ஏழாம் எண்ணுக்கு எதிரே ‘உயிர்மீன்’ என்றிருக்கிறது. அது தவறாக எழுதியது என்று நீ சொன்னால்தான் எண் நிற்கும். எங்கள் சட்டப்பிரிவு எழுதிய வாசகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூன் 30-க்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அதில் உன் அப்பா பெயர் இல்லை. ‘உள்ளூர் ஆள் ஒருவர்’ என்று போட்டிருக்கிறார்கள். இறந்தவரின் பெயரையும் தொழிலையும் போட இங்கே ஆயிரம் நிபந்தனை. நான் சண்டை போட்டுப் பார்த்தேன். வாசகத்தில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது என்றார்கள். சின்ன விஷயம்தான். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். உனக்கு வரவேண்டியது வந்து சேரட்டும்.

அன்புடன்
செல்லதுரை


மட்டாஞ்சேரி
17 ஜூன் 2024

செல்லதுரைக்கு,

உன் வாக்குமூலத்தாள் பத்து நாளாகச் சாப்பாட்டு மேஜையில் கிடக்கிறது. பிந்து அதன் மேல் சாயா டம்ளர் வைக்காமல் சுற்றிச் சுற்றித் துடைக்கிறாள். என் மனைவியை உனக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், துறைமுக ஆஸ்பத்திரியில் வேலை. நான் உன்னைப் பற்றிப் பேசாத நாள் குறைவு என்பதால் அவளுக்கு உன்னை நன்றாகத் தெரியும்.

நேற்று அவள் கேட்டாள். “ஒரு ஒப்புப் போட்டுக் கொடுத்தா கை தேய்ஞ்சா போகும்? கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க கேட்டது இதைத்தானே?”

இதைத்தான் கேட்டேன் என்றேன்.

“பின்னே எந்தா பிரச்சினை?”

வாசகத்தைத் தமிழில் சொன்னேன். ‘ஏழாம் எண் மாதிரி, உள்ளூர் ஆள் ஒருவரால் மீன் சந்தையிலிருந்து கொண்டுவரப்பட்டது.’ அவள் தாளை எடுத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு, “உங்க அப்பாவுக்கு இது கேக்கப் போகுதா? செத்தவங்களுக்கு ரோஷம் இல்ல, உங்களுக்குத்தான் இருக்கு” என்றாள். அதுவும் சரிதான்.

செல்லதுரை, ‘ஆள்’ என்று ஒருமுறை நான் சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது. பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது ஐம்பத்திரண்டு. எதிரே யாரும் சிரிக்கப் போவதில்லை. பேனாவைத் திறந்து, நிதானமாக, என் பெயர் கிடைப்பதற்காக அதே சொல்லின் கீழ் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, என்னால் அதை எழுத முடியவில்லை.

நீ அதைச் சின்ன விஷயம் என்று எழுதியிருக்கிறாய். உன் முந்தைய கடிதத்தில் நான் அப்பாவை மறுத்ததற்காக உனக்குக் கோபம் வந்தது என்று எழுதியிருந்தாய். அந்தக் கோபத்தை நான் நம்பினேன். இரண்டு மாதம் உன்மேல் மரியாதைகூட வந்தது. இப்போது இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உனக்கு ஒத்துவரும்போது அவர் என் அப்பா. ஒத்துவராதபோது அவர் உள்ளூர் ஆள். நானும் அப்படித்தான் இருந்தேன். நம் இருவருக்கும் அதில் வித்தியாசம் இல்லை. ஒன்று மட்டும் உண்டு. உனக்கு அதனால் லாபம் வந்தது.

உன் வாசகத்தை எடுத்து, அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, மேலே நான் எழுதியது இது:

‘ஏழாம் எண் டப்பாவில் இருந்த செதில்கள், மட்டாஞ்சேரி மீன் மார்க்கெட்டில் வெட்டுக்கல்லின் அடியிலிருந்து, கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி குழந்தைசாமி தன் கையால் அள்ளிக் கொண்டுவந்தவை. அவர் என் தகப்பனார். மீன் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதனால்தான் அந்த அளவுக்கு மதிப்பு. அதை உயிர்மீன் என்று எழுதியவன் நான்.’

இந்தத் தாளையும் இதனுடன் வைக்கிறேன். கையெழுத்து இல்லை. போட்டால் உங்கள் சட்டப்பிரிவு கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும், முதல் வரியை விட்டுவிடும். அவர்கள் வேலை அது. கையெழுத்து இல்லாவிட்டால் அவர்கள் எதையும் எடுக்க முடியாது. குறிப்பு வராது. என் பெயர் வராது. உன் இரண்டாம் படம் இருந்தபடியே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அது யார் கொடுத்த டப்பாவிலிருந்து வந்தது என்று உனக்கு மட்டும் தெரியும். அது போதும் எனக்கு. போதுமா என்று நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியாது. அதனால் இன்றைக்கே தபாலில் போடுகிறேன்.

இனி நீ எழுதவேண்டாம். வந்தால் பிரிக்க மாட்டேன்.

பிந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். “லெட்டர்லயும் பேரு போடலயா? அப்போ மொட்டைக் கடுதாசியா அனுப்பப் போறீங்க?”

ஆமாம், இதில் பெயர் போட்டால் சட்டப்பிரிவு இதையே வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். உறையின் பின்புறமும் யார் அனுப்பியது என்று எழுதவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நானே தபால் ஆபீஸுக்குப் போகிறேன்.